18 காரட் என்று விற்ற பெசல் வெறும் முலாம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்,
பயன்படுத்திய கைக்கடிகார விற்பனைப் பிரிவு

பொருள்: ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16233, எஃகும் தங்கமும் கலந்த இருநிற வாட்ச் – விற்பனைக் குறிப்புக்கு மாறான நிலை குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேற்கண்ட வாட்சை விற்றபோது தங்கள் குறிப்பில் நான்கு உறுதிகள் தந்திருந்தீர்கள். பெசலும் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) சாவியும் (பக்கவாட்டுத் திருகு) செயினின் நடுக் கண்ணிகளும் 18 காரட் தங்கம். எல்லாப் பாகங்களும் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. கேஸ் (வாட்சின் உலோக உடல்) ஒருமுறைகூட பாலிஷ் போடப்படாதது. அண்மையில் முழு சர்வீஸ் முடிந்தது. வாட்சைப் பிரித்து, அளந்து, எடை போட்டுப் பார்த்த பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சாவியும் நடுக் கண்ணிகளும் தங்கம் என்பது உண்மை. மற்றவை உண்மையில்லை.

முதலில் பெசல். எஃகும் தங்கமும் சேர்ந்த இந்த அமைப்புக்கு ரோலெக்ஸ் 1933லேயே ‘ரோலெசர்’ என்று பெயர் பதிவு செய்திருக்கிறது. 16233 மாடலில் வரிவரியாக வெட்டிய பெசல் முழுத் தங்கத்தில் செய்யப்பட்டது. மேலே பூசியது அல்ல. நீங்கள் அனுப்பிய வாட்சில் 7 மணி இடத்துக்கும் 9 மணி இடத்துக்கும் இடையே, வரிகளின் முகடுகளில் மட்டும் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் பள்ளத்தில் மஞ்சள், மேட்டில் எஃகு. சட்டைக் கையின் ஓரம் உரசும் இடம் அது. 18 காரட் தங்கம் எவ்வளவு தேய்ந்தாலும் அடியிலும் அதே நிறம்தான் இருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பெசல் எலுமிச்சை மஞ்சளாகவும், நடுக் கண்ணிகள் சற்றே செம்மை கலந்தும் தெரிகின்றன. எல்லாம் அசல் என்றால் இந்த மாடலில் இரண்டு தங்க நிறம் இருக்க வழியில்லை.

கண்ணை மட்டும் நம்பவில்லை. இந்த மாடலில் பெசல் அழுத்திப் பொருத்தப்படுவது என்பதால் அதற்குரிய கருவியால் கழற்றி, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை பார்க்கப்பட்டது. காற்றில் 2.96 கிராம், நீரில் மூழ்கடித்தபோது எடை 0.37 கிராம் குறைந்தது. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 8.0. அது எஃகின் அடர்த்தி. 18 காரட் மஞ்சள் தங்கத்துக்கு 15 முதல் 16 வரை வர வேண்டும். இதே அளவுள்ள பெசல் தங்கமாக இருந்தால் 5.5 கிராமுக்கு மேல் எடை இருந்திருக்கும். தராசில் ஒரு புள்ளி முன்பின் ஆனாலும் விடை 7.8க்கும் 8.3க்கும் நடுவில்தான் நிற்கும். சுருக்கமாக, இது எஃகின் மேல் முலாம் பூசிய கவரிங்.

தாங்கள் இணைத்த தங்கச் சோதனைச் சீட்டு எப்படி 75 சதவீதம் காட்டியது என்பதும் புரிகிறது. எக்ஸ்ரே கருவி மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கும். முலாம் தேயாத ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை வைத்து எடுத்த அளவு அது. தேய்ந்த முகட்டில் அதே வகைக் கருவியை வைத்தால் இரும்பும் குரோமியமும் நிக்கலும் தெரிகின்றன. இருநிற வாட்சை விலைக்கு வைக்கும் எவரும் குறைந்தது நான்கு இடங்களிலாவது, அதிலும் ஒன்றைத் தேய்ந்த ஓரத்தில் எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்து டயல். 6 மணிப் பக்கம் செயினைக் கழற்றினால் தெரியும் வரிசை எண் ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. 1991ஆம் ஆண்டுக் கேஸ். அக்கால டயல்களில் ட்ரிட்டியம் (இருட்டில் ஒளிர வைக்கும் கதிரியக்கப் பொருள்) பூச்சைக் குறிக்கும் ‘டி’ எழுத்து ‘சுவிஸ்’ என்பதோடு சேர்ந்து அடியில் இருக்கும். இதில் ‘சுவிஸ் மேட்’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. இருட்டறையில் டயலின் சின்னப் புள்ளிகள் பச்சையாக ஒளிர்கின்றன, முட்கள் கருப்பாகவே கிடக்கின்றன. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு, 30 ஆண்டு கடந்தால் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆக முட்கள் பழையவை, டயல் பின்னால் மாற்றப்பட்டது. மாற்று டயலைக் குறையாக நான் கருதவில்லை. தினமும் கட்டுபவருக்கு அது வசதியும்கூட. மாற்றியதை மறைத்து ‘அனைத்தும் அசல்’ என்று எழுதி, அதற்கான விலையையும் வாங்கியதுதான் குறை.

பாலிஷ் போடவில்லை என்ற உறுதியைப் பொய்யாக்க ஒரு வெர்னியர் போதும். 10 மணிப் பக்கத்து லக் (கேஸில் செயினைப் பிடிக்கும் கால்) 2.5 மி.மீ., 4 மணிப் பக்கத்து லக் 2.1 மி.மீ. லக் துளைகளின் வாய் புனல்போல் அகன்றிருக்கிறது. மேல்பக்கத்தின் கீற்றுப் பரப்பும் பக்கவாட்டின் பளபளப்பும் சந்திக்கும் கோடு கத்தி முனைபோல் இருக்க வேண்டும். இதில் சோப்புக் கட்டிபோல் உருண்டுவிட்டது. போன உலோகம் திரும்பாது.

செயின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்சைப் பக்கவாட்டில் பிடித்துச் செயினைக் கிடைமட்டமாக நீட்டினால் லக்கிலிருந்து கொக்கிக்குள் 24 மி.மீ. தொங்குகிறது. தங்கம் எஃகைவிட மென்மையானது. வியர்வையும் தூசியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து ஊசிக்கும் கண்ணிக்கும் நடுவே உப்புத்தாள்போல் அரைப்பதால் இருநிறச் செயினில் நடுக் கண்ணிகளின் துளைதான் முதலில் பெரிதாகும். இதை இயல்பான தேய்மானம் என்று ஏற்றுக்கொள்கிறேன். ஏற்க முடியாதது, 6 மணிப் பக்கத்தில் நான்கு தங்கக் கண்ணிகளின் அடியில் தெரியும் குறடு அழுத்திய தடம். தளர்வை மறைக்க யாரோ கண்ணிகளை நசுக்கியிருக்கிறார்கள். துளைக்குள் புதுக் குழாயும் புது ஊசியும் போட்டுச் சரிசெய்ய வேண்டியதை நசுக்கிவிட்டால், அந்தக் கண்ணி அடுத்த பழுதுபார்ப்புக்குத் தாங்காமல் விரிசல் விடும். தளர்ந்த செயின் மணிக்கட்டில் சுழலும்போது ஓரத் துண்டு லக்கின் உட்புறத்தையும் அறுக்கிறது. 12 மணிப் பக்கம் அந்தக் கோடு விழத் தொடங்கிவிட்டது.

‘முழு சர்வீஸ்’ பற்றி: உள்ளே இருப்பது 3135 மூவ்மென்ட் (வாட்சின் இயந்திரம்), மணிக்கு 28,800 துடிப்பு. டைம்கிராஃபரில் (ஓட்டத்தை அளக்கும் கருவி) லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 52 பாகை வைத்து, முழுச் சாவி கொடுத்த நிலையில் ஆம்ப்ளிட்யூட் (உள்சக்கரம் ஆடும் வீச்சு) 214 பாகை மட்டுமே. சர்வீஸ் முடிந்ததற்குப் பொதுவாக 270 அளவிலாவது வர வேண்டும். டயல் மேலே இருக்கும்போது நாளுக்கு +3 நொடி, சாவி கீழே இருக்கும்போது −17. 48 மணி நேரம் ஓட வேண்டியது 31 மணி நேரத்தில் நின்றது. பின்மூடியின் உட்பக்கத்தில் ரோட்டர் (தானாகச் சாவி கொடுக்கும் சுழல் தகடு) உரசிய வில் வடிவக் கீறல்கள். இந்த மூவ்மென்ட்டில் ரோட்டர் அச்சு தேய்வது தெரிந்த பலவீனம், சர்வீஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, பின்மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகிக் கல்லாக இறுகியிருக்கிறது. அதை மாற்றாமல் எந்தச் சர்வீஸும் முடிவதில்லை. காற்றழுத்தச் சோதனையிலும் வாட்ச் தோற்றது. 100 மீட்டர் என்ற தங்கள் வாக்கை நம்பிக் குழாயடியில் கை கழுவினால்கூட உள்ளே ஈரம் இறங்கும்.

‘பழைய வாட்சில் நிறம் மங்குவது சகஜம்’ என்று தங்கள் பிரிவு அனுப்பிய பதில் இங்கே பொருந்தாது. தேய்மானம் பற்றி நான் புகார் செய்யவே இல்லை. தங்கம் என்று சொல்லி எஃகைக் கொடுத்தது பற்றியே கேட்கிறேன்.

எனவே வாட்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அனுப்பும் செலவும் சோதனைக் கட்டணமும் உட்பட முழுத் தொகையை 15 நாட்களுக்குள் தர வேண்டுகிறேன். பெசலை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னால் ஏற்க மாட்டேன். லக்கும் கண்ணிகளும் அதனால் மீளாது. தயவுசெய்து இதே வாட்சை மறுபடி பாலிஷ் போட்டு, புது முலாம் பூசி, பழைய குறிப்போடு வேறொருவருக்கு விற்காதீர்கள். பெசல் முலாம், டயல் மாற்றப்பட்டது, செயின் நசுக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த விலைக்கு வாங்கி ஆசையாகக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

எடைக் குறிப்பு, டைம்கிராஃபர் அச்சுப்படி, லென்ஸ் வழி எடுத்த படங்கள், தங்கள் விற்பனைக் குறிப்பின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கழற்றிய பெசல் தனிப் பையில் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தங்கள் தொழில்நுட்பர் முன்னிலையில் மீண்டும் எடை போடத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்