எழுந்து போனது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், "சிரிக்க உட்காருபவரிடம் அரசியல் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார்" என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் அதற்குச் சான்று எதையும் காட்டவில்லை. தாங்களும் அதை அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வரி விடாமல் படித்துவரும் எனக்கு அந்த வரி மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

எழுந்து போனது யார் என்று அறிய விரும்புகிறேன். தாங்கள் அறியாததல்ல, 1971 ஜனவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் "ஆல் இன் த ஃபேமிலி" தொடரைத் தொடங்கியபோது, மக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சி, முதல் பகுதிக்கு முன்பாக ஓர் எச்சரிக்கை வாசகத்தையே ஒளிபரப்பியது. இனவெறி, வியட்நாம் போர், பெண்ணுரிமை என்று அந்நாட்டுக் குடும்பங்களைப் பிளந்துகொண்டிருந்த அத்தனை விவகாரங்களையும் ஆர்ச்சி பங்கர் என்னும் பிடிவாதக்காரரும் அவருடைய மருமகனும் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசிச் சண்டையிட்டார்கள். அந்தத் தொடர்தான் அந்நாட்டில் அடுத்தடுத்து ஐந்து ஒளிபரப்புப் பருவங்களுக்கு அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சியாக இருந்தது. அஞ்சியது தொலைக்காட்சி நிறுவனம். பார்வையாளர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அந்தத் தொடரின் பழைய பகுதிகளை எங்கள் வீட்டில் பெரியப்பாவும் என் தம்பியும் சேர்ந்தே பார்ப்பார்கள். தேர்தல் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இருவர் அவர்கள். ஆர்ச்சி வாயைத் திறந்தால் தம்பி அவருடைய அறியாமையை நினைத்துச் சிரிப்பான். பெரியப்பாவோ, "மனுஷன் உள்ளதைத்தானே சொல்றான்" என்று மகிழ்ந்து சிரிப்பார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்க இளைஞர்களிடமும் கனடா நாட்டுப் பெரியவர்களிடமும் விசாரித்து 1974இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கண்டது. ஆர்ச்சியைக் கேலி செய்யவே எழுதப்பட்ட காட்சிகளில், அவரைப் போலவே எண்ணம் கொண்டவர்கள் தங்கள் பக்கத்து நியாயத்தைக் கண்டார்கள். அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பெர்ட் வலதுசாரி நெறியாளர் வேடம் கட்டி நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது: இரு தரப்பாரும் அவரை வேடிக்கையானவர் என்றே கருதினார்கள், ஆனால் பழைமைவாதிகளில் பலர், அவர் வேடிக்கை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு தம் உண்மையான கருத்தையே பேசுகிறார் என்று நம்பினார்கள்.

ஆகவே, எழுதுபவர் ஊட்டும் கருத்தை அப்படியே விழுங்குவதற்கோ துப்பிவிட்டு ஓடுவதற்கோ பார்வையாளர் குழந்தை அல்லர். தம் கருத்தோடுதான் வந்து உட்காருகிறார். திரையில் யாராவது அதை உயிரோடு பேசுகிறாரா, அதற்குச் சரியான எதிர்வாதம் வருகிறதா என்று பார்க்கிறார். அப்படிப் பேச ஆள் இருக்கும் வரை அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எழுந்து போகமாட்டார். 2018 மார்ச்சில் "ரோசான்" என்னும் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் மீண்டும் வந்தபோது, அதன் நாயகி அதிபர் டிரம்ப்பின் ஆதரவாளராகவே காட்டப்பட்டார். முதல் ஒளிபரப்பை 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அது நிறுத்தப்பட்டதற்குக் காரணம் அந்த நடிகை ட்விட்டரில் எழுதிய ஒரு பதிவே. பார்வையாளர் கைவிட்டதனால் அன்று. உக்ரைனில் 2015இல் தொடங்கிய "மக்கள் சேவகன்" என்னும் நகைச்சுவைத் தொடரில் அதிபராகிவிடும் வரலாற்று ஆசிரியராக நடித்த ஜெலென்ஸ்கியை, 2019 தேர்தலில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் வாக்களித்து உண்மையிலேயே அதிபராக்கினார்கள் என்பதையும் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

பார்வையாளர் விலகிப்போகும் தொடர்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. தொடரை எழுதியவருக்குப் பிடிக்காத கட்சிக்காரன் எப்போதும் முட்டாளாகவும், பிடித்த கட்சிக்காரன் எப்போதும் கடைசி வசனத்தைப் பேசுபவனாகவும் இருக்கும் தொடரை நானும் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறேன். அங்கே குற்றம் அரசியலுடையது அன்று, எழுத்தினுடையது. பிபிசியில் 1980இல் தொடங்கிய "எஸ் மினிஸ்டர்" தொடரில் அமைச்சர் எந்தக் கட்சி என்று ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை. ஆனாலும், கோப்பு எப்படித் தேங்குகிறது, அதிகாரி எப்படி அமைச்சரைத் தம் வழிக்குக் கொண்டுவருகிறார் என்பதை அதைவிட அரசியலாக யார் எழுதியிருக்கிறார்கள்? அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரே தமக்கு மிகவும் பிடித்த தொடர் என்றார். அவரை விரும்பாதவர்களும் அதே அளவு விரும்பிப் பார்த்தார்கள்.

இதைச் சொல்லும்போது பழைய வருத்தங்களும் சேர்ந்து வருகின்றன. தாங்கள் பொறுத்தருள வேண்டும். முன்பு இதே பொருள் பற்றி நான் எழுதிய கடிதத்தில் தங்கள் இதழைப் பாராட்டிய இரண்டு வரிகளை மட்டும் அச்சிட்டு, மறுப்பை முழுவதும் நீக்கிவிட்டீர்கள். அழுகைத் தொடர்களுக்கு முழுப்பக்க விமர்சனம் எழுதும் தங்கள் தொலைக்காட்சிப் பகுதி, நகைச்சுவைத் தொடர்களை நடிகர்களின் திருமணச் செய்திகளுக்கு நடுவே நான்கு வரியில் முடித்துவிடுகிறது. தரமற்ற தொடர் வந்தால் "மக்களின் ரசனை அப்படி" என்கிறீர்கள். துணிச்சலான தொடர் நின்றுபோனாலும் மக்கள்மீதே பழி வைக்கிறீர்கள். எந்தப் பக்கம் போனாலும் பார்வையாளரே குற்றவாளி என்றால், அந்தப் பார்வையாளர்தான் தங்கள் இதழையும் காசு கொடுத்து வாங்குகிறார் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சென்ற இதழ்க் கட்டுரை ஏழெட்டுத் தொடர்களைக் குறிப்பிட்டது. எல்லா நடிகர்களின் பெயரும் இருந்தது, எழுதியவர் ஒருவர் பெயர்கூட இல்லை. "எஸ் மினிஸ்டர்" தொடரை எழுதிய ஆன்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் அரசியலில் வேறு வேறு சாய்வு உடையவர்கள். அது தெரிந்தால்தான் அத்தொடர் ஏன் ஒருவர் பக்கமும் சாயவில்லை என்று வாசகருக்கு விளங்கும். இனி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி எழுதும்போது, நடிகர் பெயரோடு அதை எழுதியவர் பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், சுருக்காமல் வெளியிடுங்கள். இடமில்லை என்றால் வெளியிடவே வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி