கைப்பேசிக் கடை அண்ணனுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. எங்கள் பிள்ளையின் உயிர்த் தோழிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் பிள்ளை இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறாள், நேற்றுப் பள்ளிக்கும் போய் வந்தாள்.

சிங்கப்பூர் மண்டாய் தகனச் சாலையில் கடைசி வரை நின்றவர்கள், வகுப்பில் தோழி உட்கார்ந்த பக்கத்து நாற்காலியை "எடுக்கட்டுமா, இருக்கட்டுமா?" என்று அவளையே கேட்ட தமிழாசிரியை, காரணம் சொல்லாமல் வகுப்பைவிட்டு எழுந்து வர ஓர் அட்டை கொடுத்த பள்ளி ஆலோசகர், தம் துக்கத்திலும் இவளைக் குடும்பத்தோடு உட்காரவைத்த தோழியின் தாய், எல்லோருக்கும் நன்றி. உறவுக்காரர்களிடம் துக்கம் விசாரிப்பார்கள். உயிர்த் தோழியை இழந்த பிள்ளையிடம் யாரும் விசாரிப்பதில்லை. நீங்கள் விசாரித்தீர்கள்.

சிராங்கூன் சாலைக் கைப்பேசிக் கடை அண்ணே, உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பிள்ளையின் கைப்பேசி கீழே விழுந்திருந்தது; திரை தெரிந்தது, தொட்டால் அசையவில்லை. பழையதை அழித்துக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதாகத்தான் பேச்சு. அழிக்கும் முன் நீங்கள் அவளைப் பார்த்து, "இதுல யாரோட குரலாச்சும் வேணுமாம்மா?" என்று கேட்டீர்கள். அவள் அழுததைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

காப்பு நகல் எடுக்கும் வசதி பல மாதமாக அணைந்து கிடந்தது. கைப்பேசியோடு மற்றக் கருவிகளை இணைக்கும் ஓடிஜி ஹப்பில் ஒரு பக்கம் மவுஸ், ஒரு பக்கம் தம்ப் டிரைவ் செருகி, கடவு எண்ணை அவளையே போடச் சொன்னீர்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுக் கோப்புறையை முழுசாக நகலெடுத்தீர்கள். அதில் எல்லோர் குரலும் கலந்து கிடக்கும். கோப்பின் பெயரில் தேதி உண்டு, ஆள் பெயர் இல்லை. அதனால் தோழியோடு பேசிய அரட்டையைப் படங்கள், பதிவுகளோடு தனியாகவும் ஏற்றுமதி செய்தீர்கள். அப்படி எடுத்தால் கடைசி 10,000 செய்திகள்தான் வரும் என்பதால் இரண்டுமே வேண்டும் என்று விளக்கினீர்கள்.

பதிவு திறக்கிறதா என்று சோதிக்க நீங்கள் போட்டுக் கேட்கவில்லை. ஹெட்போனை அவளிடம் நீட்டிவிட்டு, திரும்பி நின்று கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அவள் தலையாட்டும்வரை துடைத்தீர்கள். அதற்கு ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு: குரலைக் கேள் என்றும் சொல்ல வேண்டாம், கேட்காதே என்றும் சொல்ல வேண்டாம். நகல் ஒன்று பிள்ளை கையில், ஒன்று பெரியவர் கையில் இருக்கட்டும். படுக்கையில் கேட்டுத் தூக்கம் கெட்டால், மாலையில் யாராவது வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். "தைரியமா இரு" என்பதைவிட "அவளைப் பத்திச் சொல்லு" என்பது உதவுகிறது. "நானும் அவகிட்டயே போயிடுறேன்" என்று சொன்னால் பேச்சுக்குச் சொன்னதாக நினைக்காதீர்கள். தனியே விடாமல், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு உதவும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழையுங்கள்.

அண்ணே, போகும்போது நீங்கள் மெல்லச் சொன்னதையும் மறக்கவில்லை. 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். அன்றைக்கு வகுப்புக் குழுவில் தோழியின் எண் "வெளியேறினார்" என்று வந்து நிற்கும். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். நாள்காட்டியில் அந்த வாரத்தைக் குறித்திருக்கிறோம். அப்போது எங்களில் யாரும் ஊருக்குப் போகமாட்டோம்.

அவள் வீட்டார்