பரணில் இருந்த கடிதமும் பேத்தியின் ப்ராஜெக்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் 'நம் மாவட்ட வரலாறு' என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். இப்போதெல்லாம் இதற்கு ஜெராக்ஸ் கடையில் போய் 'சிவகங்கை மாவட்டம்' என்று சொன்னால் போதும், கலர் படத்தோடு 20 பக்கம் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் கொண்டுபோனது ஒரே ப்ராஜெக்ட், அட்டையில் பெயர்தான் வேறு வேறு. எல்லோருக்கும் நல்ல மார்க்.

பேத்தியிடம் முதல்நிலைச் சான்று என்றால் என்ன என்று கேட்டேன். அந்தந்தக் காலத்திலேயே உண்டான நேரடிச் சான்று, கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று மூச்சு விடாமல் சொன்னாள். நம் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்றதும் சிரித்துவிட்டாள். "நம்ம வீட்டுல ஏது ஐயா கல்வெட்டு?"

சரி என்று பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். எங்கள் ஐயா, அதாவது என் அப்பாவின் தகப்பனார், பர்மாவில் (இன்றைய மியான்மர்) ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். யுத்தம் வரப்போவதை முன்கூட்டியே கணித்து, குண்டு விழுவதற்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு கப்பல் ஏறி வந்த கெட்டிக்காரர் என்பது எங்கள் வீட்டுக் கதை. கல்யாண வீடுகளில் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பெட்டியில் பழைய கணக்குச் சிட்டைகளுக்கு அடியில் அவர் தன் தகப்பனாருக்கு எழுதிய கடிதம் ஒன்று கவரோடு இருந்தது. மேலே 'சிவமயம்', அதன் கீழே 'விஷு வருஷம் கார்த்திகை மாதம்'.

பேத்தியும் அவள் சிநேகிதிகள் இரண்டு பேரும் போனில் தேடிப் பார்த்து விஷு வருஷம் என்றால் 2001 என்றார்கள். தப்பு சொல்ல முடியாது. 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறது, 1881, 1941, 2001 எல்லாமே விஷுதான். எந்த விஷு என்று கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டேன். நான் 31 வருடம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவன், என் கண் முதலில் முத்திரைக்குத்தான் போகும், ஆனால் அதில் தேதி இருந்த இடத்தில் மசி அப்பிக் கிடந்தது. ஒரு பெண்தான் ஸ்டாம்பைக் கவனித்தாள். ஆறாம் ஜார்ஜ் ராஜா படம், அதோடு ஆங்கிலத்தில் 'பர்மா' என்ற எழுத்து. அவர் ராஜாவானது 1936இல். பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது 1937இல், அதுவரை அங்கேயும் இந்திய ஸ்டாம்புதான். 1881இல் விக்டோரியா ராணி. ஆகவே 1941. அரை மணி நேரம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள், காப்பி ஆறிப்போனது.

அப்புறம் கடிதத்தைப் படித்தார்கள். 'இங்கு யாவரும் க்ஷேமம். சண்டை பற்றி அங்கு பேசிக்கொள்வதை நம்பி விசாரப்பட வேண்டாம். வைகாசியில் கணக்கு முடித்து வருகிறேன்.' ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23, அதாவது அடுத்த மாதமே. 1942 மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போய்விட்டது. முன்கூட்டியே கணித்த கெட்டிக்காரர் கதை என்ன ஆயிற்று? எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் என் பேத்தி அங்கே நிற்கவில்லை. "பெத்தவங்க பயந்துருவாங்கன்னு பொய் எழுதியிருக்கலாம்ல ஐயா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. முதல்நிலைச் சான்று என்பதாலேயே அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று ஆகிவிடாது, யார் யாருக்கு எதற்காக எழுதினார்கள் என்று கேட்க வேண்டும் என்பதை நான் சொல்லிக்கொடுக்கும் முன்பே அவள் கேட்டுவிட்டாள்.

நம் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி (வளைந்த எறி ஆயுதம்) வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தானே எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ் பிறகு மருதுவை எதிர்த்த படையில் இருந்தார். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24, வெல்ஷ் புத்தகம் வெளியானது 1830இல். கண்ணால் பார்த்தவர், பழகியவர், எதிரி, வயதான பின் புத்தகம் போட்டவர், எல்லாம் ஒரே ஆள். இதை ஒரு பீரியட் பேசினால் பிள்ளைகள் மறப்பார்களா? கீழடிக்கு டூர் கூட்டிப்போகிற பள்ளிகள்கூட மியூசியத்தில் பானை ஓட்டில் கீறியிருக்கிற 'ஆதன்' என்ற பெயர் முன்னால் ஐந்து நிமிடம் நிற்க விடுவதில்லை, வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த 20 பக்கத்தில் செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசினார்கள் என்றும் இருந்தது. யார் சொன்னது என்றேன். "எல்லா வெப்சைட்லயும் இருக்கு." ஒருத்தர் எழுதியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எழுதினார்களோ என்னவோ. வீடு கட்டிய காலத்துக் கணக்கு நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லி எங்கள் வீட்டு நோட்டை எடுத்தோம். சுண்ணாம்பு இருக்கிறது, கடுக்காய் இருக்கிறது, முட்டை இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் பாதி நோட்டு கரையானுக்குப் போய்விட்டதால், வாங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதையும் பிள்ளைகளே சொன்னார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குப் பாடம் முடிக்கிற அவசரம். ஒரே ஒரு ப்ராஜெக்டை மட்டும் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்து ஒரு பழைய காகிதம், மொய் நோட்டோ ரேஷன் கார்டோ பத்திரமோ எதுவானாலும் சரி, செல்போனில் படம் எடுத்து வரட்டும். அசலைப் பள்ளிக்கு அனுப்பவே வேண்டாம், இட்லிப்பொடிக் கையோடு தொட்டால் முடிந்தது. யார் எழுதியது, எப்போது, எதற்கு என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அதன் பிறகு அதே விஷயத்தைப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்க்கட்டும். நம் ஊர்ப் பக்கம் வீடு இடிக்கும்போது இந்தக் காகிதமெல்லாம் எடைக்குத்தான் போகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒருவர் சேர்த்து வைத்தாரே, 1992இல் அவர் காலமான பிறகு அதன் அருமை தெரிந்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அதை வைத்துத்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் வந்தது.

கடைசியாக உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மாணவர் பக்கத்தில் ஊர் வரலாறு போடும்போது முக்கால்வாசி வரிகள் 'என்று கூறப்படுகிறது' என்றே முடிகின்றன. பேத்தி இப்போது அதைப் படித்துவிட்டு, கூறியது யார் என்று என்னைப் பிடித்து உலுக்குகிறாள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போடுங்கள், நான் தப்பித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கண்டனூர்.