ரவுட்டரும் கைப்பேசியும்: பண்டாரவளை நண்பருக்கு ஒரு கடிதம்

ஹட்டன்

அன்பின் நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் மாலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை வாசித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலை விடுதியில் ரேடியோவுக்கு ஏரியல் கம்பி கட்டியவன் என்ற பழைய உரிமையில்தான் உங்கள் வீட்டு வைஃபையைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த உரிமைக்கு உகந்தபடி விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கைப்பேசியில் இப்போது இரண்டு செயலிகள் இருக்கின்றன. ஒன்று உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் எஸ்எல்டி-மொபிட்டல் நிறுவனத்துடையது, மாதக் கட்டணத்தையும் டேட்டா மீதியையும் அதில் பார்க்கலாம். மற்றது தோஹாவுக்குத் திரும்புமுன் மகன் நிறுவிவிட்டுப் போன டெதர். அது நீங்கள் கடையில் வாங்கிய டிபி-லிங்க் ரவுட்டருக்கு மட்டும் உரியது. டேட்டா தீர்ந்துபோனால் டெதரைத் திறந்து பயனில்லை, பின்னறைக்கு இணையம் எட்டவில்லையென்றால் மற்றதைத் திறந்தும் பயனில்லை. முன்பு கணினியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டி, உள்ளே போய், ஆங்கிலப் பட்டியல்களில் தடவித் தடவிச் செய்த வேலைகளைத்தான் இந்தச் செயலி படமாக்கிக் காட்டுகிறது. வலையமைப்பு ஓடுவது ரவுட்டரில். செயலியை நீக்கிவிட்டாலும் வைஃபை நிற்காது. ஆகவே அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதன் பொத்தான்களை அழுத்தி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று உங்கள் மகன் எண்ணுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு அது மிக நல்ல கருவி. தடுப்பதற்கும் தண்டிப்பதற்கும் அவ்வளவு நல்ல கருவி அல்ல.

இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் பெயர் தெரியாத இரண்டு மூன்று வருவதாகவும், யாரோ திருடுகிறார்கள் என்று அண்ணி சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். திருடர் என்று முடிவுகட்டுமுன் அந்த வரியைத் தொட்டுப் பாருங்கள். இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு தொகுதிகள் கொண்ட ஒரு முகவரி தெரியும். அதற்கு மேக் முகவரி என்று பெயர். அதன் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் பதித்த உண்மையான முகவரி அல்ல, கைப்பேசியே தனக்கு இட்டுக்கொண்ட தற்காலிக முகவரி. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைப்பேசிகள் இப்படிச் செய்கின்றன. போகுமிடமெல்லாம் ஒரே முகவரியைக் காட்டினால் அதை வைத்து ஆளைப் பின்தொடர முடியும் என்பதே காரணம். எனவே அண்ணியின் புதிய கைப்பேசிதான் அந்த மர்மச் சாதனமாக இருக்கவும் கூடும். வீட்டிலுள்ள கைப்பேசி, தொலைக்காட்சி, பேரனின் டேப், வாசல் கமரா எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் வைஃபையை அணைத்துப் பாருங்கள்; எந்த வரி பட்டியலிலிருந்து மறைகிறதோ அதற்குச் செயலியிலேயே பெயர் சூட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்த பிறகும் எஞ்சி நிற்பதுதான் அந்நியம்.

அந்த அந்நியமும் பெரும்பாலும் கீழே தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளிலிருக்கும் பிள்ளைகளாகவே இருக்கும். 2020இல் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடி மேட்டுக்கு மேடு ஏறிய பிள்ளைகளுக்கு நீங்களே கடவுச்சொல்லைக் கொடுத்தீர்கள், அது நினைவில் இருக்கும். அவர்களை இப்போது பட்டியலில் தேடிப் பிடித்துத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். செயலியில் விருந்தினர் வலையமைப்பு என்று ஒன்றைத் தனியாகத் திறக்கலாம். அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல். அதில் சேர்பவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும், உங்கள் கமராவும் கணினியும் அவர்கள் கண்ணில் படமாட்டா. பரீட்சை முடிந்ததும் அதை ஒரே தொடுதலில் மூடிவிடலாம். உங்கள் சொந்த வலையமைப்பின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இதை அவர்களுக்குக் கொடுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பேரனின் விடயம் இதைவிடச் சிக்கலானது. இரவு ஒன்பது மணியானதும் அவனுடைய டேப்புக்கு இணையம் நிற்கும்படி தோஹாவில் இருந்தபடியே மகன் நேரம் குறித்துவைத்திருக்கிறான். உயர்தர வகுப்பு ஆசிரியரோ ஒன்பதரைக்குத்தான் சூமில் வருகிறார். இடையில் அகப்பட்டு வசை வாங்குவது நீங்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் இணையக் கணக்கு வழியாக எங்கிருந்தும் ரவுட்டரைத் திறக்க முடிவதால் வரும் தொல்லை இது. அந்தத் தடையும் மேலே சொன்ன முகவரியை நம்பித்தான் நிற்கிறது. டேப்பின் வைஃபை அமைப்பில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால் அது புதிய முகவரியோடு புதிய ஆளாக வந்து நிற்கும். அதுவும் வேண்டாமென்றால் சிம் டேட்டா இருக்கிறது. இதைப் பதினேழு வயதுப் பையன் அறியமாட்டான் என்று நம்புவதற்கு, முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற நம்மால் முடியுமா? அவனோடு உட்கார்ந்து பேசி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றித் தரும்படி மகனிடம் கேளுங்கள். அந்த வீட்டில் இருப்பவர் நீங்கள். கடவுச்சொற்கள் இரண்டு உண்டு என்பதையும் அப்போது மறக்க வேண்டாம்: வைஃபையில் சேர்வதற்கு ஒன்று, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கு மற்றொன்று. இரண்டாவதைப் பேரனுக்கும் சொல்லக்கூடாது.

இனி உங்கள் பெரிய முறைப்பாட்டுக்கு வருகிறேன். பின்னறையில் இணையம் ஊர்கிறது என்பதற்காக அதிக வேகப் பொதிக்கு மாறச் சொல்லி யாரோ ஆலோசனை கூறியிருக்கிறார்கள். அதற்குப் பணம் கட்டுமுன், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். பிறகு பின்னறையில் நின்று சோதியுங்கள். இரண்டிடத்திலும் ஒரேமாதிரி மந்தமாக இருந்தால் லைனில் குறை; ஃபைபர் லைன் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் லைனில் சிக்னலே வந்து சேரவில்லை, அப்போது எந்தச் செயலியும் உதவாது, எஸ்எல்டி-மொபிட்டலுக்கு அழைக்கத்தான் வேண்டும். பக்கத்தில் நன்றாக இருந்து பின்னறையில் மட்டும் விழுந்தால் குறை உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது என்றே தோன்றுகிறது.

உங்கள் வீட்டின் முன்பகுதி தோட்டக் காலத்துக் கருங்கல் சுவர். பின்னறை பிறகு தகரம் அடித்துச் சேர்த்தது. கல் சுவர் அலையை விழுங்கும், தகரம் அதைத் திருப்பி அடிக்கும். போதாக்குறைக்கு ரவுட்டர் இருப்பது மண்டபத்து அலுமாரிக்குப் பின்னால். அந்த அலுமாரியின் கதவில் ஆளுயரக் கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறப் பூச்சு உலோகம் என்பதால் அதுவும் தகரத்தைப் போலவே நடந்துகொள்ளும். முதலில் ரவுட்டரை அங்கிருந்து எடுத்து, நடைவழியில், ஆள் உயரத்துக்குமேல் திறந்த இடத்தில் வையுங்கள். செயலியில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் தெரியும், அவற்றின் அலகு கிகாஹேர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். பின்னறைத் தொலைக்காட்சியை 2.4இல் சேர்த்துவிடுங்கள். அதில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசல் இருந்தால் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

சிக்னல் அளவைக் காட்டும் செயலிகளில் எண் கழித்தல் குறியோடு வரும். −50 மிக நன்று, −67 வரை வீடியோ வகுப்புக்குத் தாங்கும், −80ஐ நெருங்கினால் இழுபறிதான். இடம் மாற்றிய பிறகும் பின்னறையில் −80 என்றே காட்டினால், கடைக்காரர், சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை நீட்டுவார். அதை வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மலிவான ரிப்பீட்டர் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் வேகம் பாதியாகிவிடும். மெஷ் என்று, சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பது நல்லதுதான், ஆனால் விலை அதிகம், அவற்றுக்கிடையிலும் உங்கள் கல் சுவர் நிற்கும். கூரையோரமாக ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து, பின்னறையில் உங்கள் பழைய ரவுட்டரை அக்சஸ் பொயின்டாக, அதாவது கேபிளில் வரும் இணையத்தை அங்கே வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக, வைத்தால் போதும். 100 மீட்டர் வரை அந்தக் கேபிளில் வேகம் குறையாது.

மின்வெட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை இருளில் இருந்த பிறகு இங்கே அநேக வீடுகளில் ரவுட்டருக்கென்று மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் ஓடவைக்கும் சிறிய யூபிஎஸ் வந்துவிட்டது; 12 வோல்ட் ரவுட்டரா என்று அடாப்டரில் பார்த்து வாங்குங்கள், ஃபைபர் பெட்டிக்கும் அது மின்சாரம் கொடுக்க வேண்டும். இடி மழைக்காலத்தில் செப்புக் கம்பி லைனில் வந்த ஆபத்து ஃபைபரில் இல்லை, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது; ஆனாலும் மின்னல் அடாப்டர் வழியாக வரும், கழற்றிவைப்பது நல்லது.

செயலியில் அப்டேட் என்று வந்தால் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். கடவுச்சொல் தட்டாமலே சாதனங்களைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் இரகசிய எண்ணை (PIN) ஊகித்து உள்ளே நுழைய முடியும் என்பது 2011இலேயே தெரிந்துவிட்டது.

கேபிள் இன்னும் வாங்க வேண்டாம். ரவுட்டரை இடம் மாற்றிவிட்டுப் பின்னறையில் என்ன எண் காட்டுகிறது என்பதையும், நடைவழியிலிருந்து அந்த அறைவரை கூரையோரத் தூரத்தையும் அளந்து எழுதுங்கள். எத்தனை மீட்டர் தேவை என்று சொல்கிறேன். ஹட்டனில் தெரிந்த கடையிலிருந்து நானே வாங்கி பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன். அண்ணிக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய அறைத்தோழன்