கேக் குறிப்பைக் கிராமில் போடுங்கள், நாலு பேர் சேர்ந்து செய்கிற மாதிரி போடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கேக், பிஸ்கட் செய்முறைகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில் கேட்கிறேன். அளவுகளைக் கிராமில் போடுங்கள், ஓவன் இல்லாத வீட்டுக்கும் வழி சொல்லுங்கள், அப்புறம் முக்கியமாக, வீட்டில் உள்ளவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்கிற மாதிரி எழுதுங்கள். இப்போது வருகிற குறிப்புகளைப் படித்தால் ஒரு பெண் தனியாக நின்று, விலை கூடிய சாமான்களை வைத்துக்கொண்டு, படம் எடுப்பதற்காகவே செய்கிற வேலை போலத் தெரிகிறது. கேக் என்றாலே பயந்து ஒதுங்குகிற வீடுகள் இதனால்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் பலகாரம் எந்தக் காலத்திலும் ஒரு ஆள் வேலையாக இருந்ததில்லை. தீபாவளிக்குச் சில நாள் முன்னாலேயே அப்பத்தா அரிசியை ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதத்தில் இறக்கி, அதிரச மாவைக் கிளறி வைத்துவிடுவார். சுடுகிற அன்று சித்தி, அத்தை, எதிர் வீட்டு அத்தாச்சி என்று எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் தட்டிக் கொடுக்க ஒருவர் எண்ணெயில் போட, இன்னொருவர் எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி எடுக்க, அதற்குள் ஊர்க் கதை, சண்டை, சமாதானம், கல்யாணப் பேச்சு எல்லாம் முடிந்திருக்கும். இன்று பல வீடுகளில் அந்த இடத்துக்குக் கடை ஸ்வீட் பெட்டி வந்துவிட்டது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு நேரமில்லை, வீட்டில் ஆள் இல்லை, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படிச் சேர்ந்து உட்காரும் பொழுது போய்விட்டதே என்று எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அது கேக்கையும் பிஸ்கட்டையும் சாக்காக வைத்துத் திரும்பி வருவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதில் ஒரு பெரிய வசதியை யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதிரசமோ முறுக்கோ சுடும்போது பிள்ளைகளை எண்ணெய்ச் சட்டிப் பக்கமே அண்டவிட மாட்டோம், விடவும் கூடாது. கேக் வேலை அப்படி இல்லை. மாவு சலிப்பது, சர்க்கரை பொடிப்பது, தராசில் நிறுப்பது, வெண்ணெயைக் குழைப்பது, டின்னில் நெய் தடவி மாவு தூவுவது, பிஸ்கட் உருட்டி முள்கரண்டியால் கோடு போடுவது என்று முக்கால்வாசி வேலை அடுப்புக்கு வெளியே நடக்கிறது. சூடான டின்னைத் தொடும் நேரம் மட்டும் பெரியவர்கள் கை வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேலை இருக்கிறது. அடுப்படிப் பக்கம் வராத என் கொழுந்தனார் வெண்ணெயும் சர்க்கரையும் வெள்ளை வெளேரென்று வரும்வரை கையால் அடித்துக் கொடுக்கிறார், கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைகள் தராசு முள்ளைப் பார்த்து 250 கிராம் என்று சத்தம் போட்டுச் சொல்வதைக் கேட்க வேண்டும்.

சில பெரியவர்கள் இது வெள்ளைக்காரர் பண்டம், நமக்கு எதற்கு என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது தம்ரூட்டைத்தான். மதுரையில் காஜிமார் தெரு, கோரிப்பாளையம் பக்கம் இஸ்லாமியத் தோழிகள் வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். ரவை, பால், முட்டை, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறி, பாத்திரத்தை மூடி, அடியில் தணலும் மூடியின் மேல் கங்கும் போட்டு வேகவைக்கிற பழைய முறை அது. மேலும் கீழும் சூடு வைப்பதைத்தான் ஓவனும் செய்கிறது. தூத்துக்குடிப் பக்கம் போனால் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் வைத்து மக்ரூன் செய்கிறார்கள், அதுவும் ஓவனில் வைத்து எடுப்பதுதான். நம் டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் நெய் பிஸ்கட்டையும் தேங்காய் பன்னையும் அந்நியம் என்று யாராவது ஒதுக்குகிறோமா?

சரி, குறிப்புகளுக்கு வருகிறேன்.

முதலில் அளவு. "மைதா 2 கப், சர்க்கரை 1 கப்" என்று போடுகிறீர்கள். எந்தக் கப்? அளவுக் கப் என்றால் 240 மில்லி, அதில் மைதா சுமார் 125 கிராம் நிற்கும், சர்க்கரை 200 கிராம் நிற்கும். எங்கள் வீடுகளில் இருப்பது காபி டம்ளரும் ஆழாக்கும்தான், ஒரு வீட்டு டம்ளர் அடுத்த வீட்டு டம்ளருக்குப் பொருந்தாது. குழம்புக்கு இந்த வித்தியாசம் பரவாயில்லை, கேக்குக்கு ஆகாது. மாவு கூடினால் கல்லாகிவிடும், சர்க்கரை கூடினால் நடுவில் குழி விழும். கீழமாசி வீதியில் மளிகை வாங்கும்போது கால் கிலோ, நூறு கிராம் என்றுதான் கேட்கிறோம், குறிப்பும் அப்படியே இருந்தால் கடையிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

அடுத்து சோடா மாவும் பேக்கிங் பவுடரும். பல குறிப்புகளில் இரண்டில் ஏதாவது ஒன்று என்று வருகிறது, அது தப்பு. சோடா மாவு பொங்க வேண்டுமானால் கூடவே தயிர், மோர் மாதிரி புளிப்புள்ள ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு வாடை வரும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறது. வாழைப்பழ கேக்குக்குப் பூவன்பழம் எங்களுக்கு நன்றாக வருகிறது, அதன் லேசான புளிப்பும் சோடா மாவும் ஒத்துப்போகின்றன. சிறுமலைப் பழம் கிடைத்தால் வாசனைக்குக் கேட்கவே வேண்டாம், ஆனால் அதில் ஈரம் குறைவு, கொஞ்சம் பால் கூட்ட வேண்டும். தோல் கறுத்துப் போன பழத்தைத் தூக்கிப் போடுகிற வீடுகளில் இந்த ஒரு குறிப்பு மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தாலே போதும்.

ஓவன் விஷயம். அது இல்லாதவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு அடிகனமான பழைய அலுமினியச் சட்டி போதும். அடியில் விரல் உயரத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்றிவிட்டு டின்னை உள்ளே வைத்தால் சிறு தீயில் 40 முதல் 50 நிமிடத்தில் அரைக் கிலோ கேக் வெந்துவிடும். குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இதை நீங்கள் பெரிய எழுத்தில் போட வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமையாகக் காயவைக்கக் கூடாது, அந்தப் பூச்சு கெட்டு புகை வரும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது, பிள்ளைகளிடம் இதைக் காப்பதுதான் பெரும்பாடு. ஓவன் வாங்க நினைப்பவர்கள் கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறார்கள். 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் எரிந்தாலும் ஒன்றரை யூனிட்தான். ஆனால் 16 ஆம்பியர் பிளக்கில் போட வேண்டும், பழைய வீடுகளில் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட நம் ஊர் வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்" என்று எழுதுகிறீர்கள். குளிர் நாட்டுக்காரர் எழுதியது அது. சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரை வீட்டு அடுப்படியில் வெளியே வைத்த வெண்ணெய் அரை மணியில் எண்ணெயாகிவிடும். உருகின வெண்ணெயைச் சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது, கேக் எழும்பாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது, அந்தப் பதத்தில் எடுத்து அடிக்க வேண்டும். பிஸ்கட் மாவு கையில் ஒட்டிக் குழைந்தால் அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து உருட்டினால் சரியாகிவிடும். இதையெல்லாம் மதுரை, தேனி, திண்டுக்கல் வாசகர்களுக்கு எழுதுகிற பத்திரிகைதான் சொல்ல முடியும்.

இன்னொன்றை மிகவும் வருத்தத்தோடு சொல்கிறேன். கருப்பட்டி போட்டு, கேழ்வரகு மாவில் செய்த கேக்கைச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்ற தொனியில் எழுதாதீர்கள். கருப்பட்டிக்கு அதன் ருசி உண்டு, மணம் உண்டு, ஆனாலும் அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். எங்கள் தெருவில் இதை நம்பிச் சாப்பிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கேழ்வரகு நல்ல தானியம், அதில் கோதுமையில் உள்ள பசைத்தன்மை இல்லாததால் தனியாகச் செய்தால் உதிரும், பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலக்கலாம் என்று எழுதுங்கள், போதும். இனிப்பு இனிப்புதான், சின்னத் துண்டாக வெட்டி எல்லோருக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு வாய்தான் வரும்.

பேக்கரிக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் வீட்டில் செய்யும்போது எது உள்ளே போகிறது என்று பிள்ளைகளுக்கே தெரிகிறது. அதே போல, 2020 ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலிருந்தே கேக் விற்று நன்றாகச் சம்பாதிக்கும் பெண்களைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள், நல்லதுதான், விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விற்காமல், சும்மா சேர்ந்து செய்து சாப்பிட்டு மகிழ்கிறவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள் என்கிறேன்.

எந்த மாதிரிக் குறிப்பு வேண்டும் என்பதற்கு எங்கள் நெய் பிஸ்கட்டையே தருகிறேன். மைதா 250 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், உறைந்த நெய் 150 கிராம், ஏலக்காய் நாலைந்து, உப்பு ஒரு சிட்டிகை. சோடா மாவு வேண்டாம். ஒருவர் மாவையும் உப்பையும் இரண்டு தடவை சலிக்க, ஒருவர் ஏலக்காய் தட்டிப் பொடிக்க, கை பலம் உள்ளவர் நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைக்க வேண்டும். பிறகு மாவைச் சேர்த்து, பிசைந்து அழுத்தாமல் விரல் நுனியால் கூட்டிப் பிடித்தால் போதும், சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் கடிக்க முடியாது. பிள்ளைகள் நெல்லிக்காய் அளவு உருட்டி லேசாகத் தட்டட்டும், முப்பதுக்கு மேல் வரும். ஓவனில் 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், சட்டியில் சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். மேலே சிவக்க வேண்டாம், அடி பொன்னிறமானால் எடுத்துவிடலாம். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறின பிறகு மொறுமொறுப்பு வரும், அதுவரை யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று, எப்போது போடுவது என்பது. பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு வரும் குறிப்பு எங்களுக்கு உதவுவதில்லை, அதற்குள் எல்லோரும் ஜவுளிக் கடையில் நிற்கிறோம். தீபாவளிக் குறிப்புகளை மூன்று வாரம் முன்னாலேயே போடுங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்பழம் ஊற வேண்டும் என்பதால் அதை நவம்பர் முதல் வாரத்தில் போடுங்கள். ரம் சேர்க்காமல் ஆரஞ்சு, திராட்சைச் சாற்றில் ஊறப்போடுகிற வீடுகளும் நிறைய, அவர்கள் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். தம்ரூட்டை ரம்ஜானுக்கு முன்னால், அந்தத் தெருக்களின் வாசகிகளிடமே எழுதி வாங்கிப் போடுங்கள். நெய் பிஸ்கட் குறிப்பை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கே.புதூர், மதுரை.