திருகோணமலைக்கு ஒரு கேம் ஸ்டூடியோ: கிழக்கு மாகாண நிர்வாகத்துக்கும் முதலீட்டுச் சபைக்கும் திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருகோணமலையின் வளர்ச்சி என்று பேச்செடுத்தால் துறைமுகம், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள், நிலாவெளி ஹோட்டல்கள் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. வீடியோ கேம் உருவாக்கும் தொழிலையும் உங்கள் திட்டத்தில் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நம்மவர் பலர் குடியேறியிருக்கும் கனடாவின் மொன்றியல் நகரம் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

யூபிசொஃப்ட், 1986இல் பிரான்சில் ஐந்து சகோதரர்கள் தொடங்கிய வீடியோ கேம் நிறுவனம். 1997இல் மொன்றியலில் ஸ்டூடியோ திறந்தது. சும்மா வந்துவிடவில்லை. 500 பேருக்கு வேலை கொடுத்தால், ஆளுக்கு ஆண்டுக்கு 25,000 கனேடிய டொலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு அரசு தருவதாகப் பேசி முடித்தார்கள். அதில் 15,000 கியூபெக் மாகாணத்தின் பங்கு, மீதி மத்திய அரசினுடையது. அரசின் காசு அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் போகவில்லை, ஆட்களின் சம்பளத்துக்குப் போனது. ஸ்டூடியோ இயங்கிய இடமோ பழைய ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம்.

ஆரம்பத்தில் அங்கே தொழில் தெரிந்தவர்கள் குறைவு. முதலில் இருந்த ஐம்பது பேரளவில் பாதிப்பேர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். பிளேமொபில் பொம்மைகளை வைத்துச் சிறுவர் கேம்கள் செய்துதான் கை பழகினார்கள். 2002இல் ‘ஸ்ப்ளின்டர் செல்’ என்ற கேம் வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அப்புறம் 2003இல் புதிய ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’. அதன் அடுத்த பாகமாகத் தொடங்கிய வேலை வழியில் உருமாறி, 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்று தனியாக வெளிவந்தது. தலைமையகம் அனுப்பும் துண்டு வேலைகளை மட்டும் முடித்துக் கொடுக்கும் கிளையாக வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

என்னை மிகவும் கவர்ந்தது கியூபெக்கின் வரிச்சலுகை விதி. கேமுக்குச் செலவான சம்பளத்தில் 30 சதவீதம் சலுகை. பிரெஞ்சுப் பதிப்பும் இருந்தால் 37.5 சதவீதம். தங்கள் மொழிக்கு இப்படி ஓர் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஏன் அப்படி ஒரு விதி வைக்கக் கூடாது?

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கணினி விஞ்ஞானம் கற்பிக்கிறது. படித்த பிள்ளைகள் வேலைக்குக் கொழும்பு பஸ் ஏறுகிறார்கள். என்னிடம் படிக்கும் பெடியன் ஒருவன் ‘பிளெண்டர்’ என்ற முப்பரிமாண மென்பொருளில், கோணேசர் கோயிலருகே உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டை அப்படியே செய்து வைத்திருக்கிறான். பாறையின் ஈரமான பக்கம் வேறு நிறம், காய்ந்த பக்கம் வேறு நிறம். கோட்டை மான் ஒன்று காதை அசைத்துத் திரும்பிப் பார்க்கிறது. பழைய மடிக்கணினி, அந்த ஓர் அசைவைக் கணித்து முடிக்க இரவு முழுக்க ஓடுகிறது. இவனுக்கு ஊரிலேயே சம்பளம் கொடுக்க ஓர் இடம் வேண்டாமா?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2020இல் யூபிசொஃப்ட் ஊழியர்கள் வேலைத்தளத் துன்புறுத்தல்களை வெளிப்படுத்தியபோது மொன்றியல் ஸ்டூடியோவின் தலைவரும் பதவி விலக நேர்ந்தது. அதனால் முறைப்பாட்டு ஏற்பாடுகளும் வேலைநேர வரம்பும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

500 வேலை கேட்கவில்லை. முதலில் 20 பேருக்கு ஐந்து ஆண்டுச் சம்பள மானியம், வளாகத்தோடு சேர்ந்த பயிற்சி, நகரில் பூட்டிக் கிடக்கும் அரச கட்டடம் ஒன்று. வெளிநாட்டு நிறுவனங்களோடு பேசப் போகும்போது இதையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு கணினி ஆசிரியர்