செவிலியர் சங்கக் கிளை: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்; நீல டிக் விழுகிறதா என்று பார்ப்பேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) இல்லை. மே 12 செவிலியர் தினம் கேக்குடன் நடந்தது. நவம்பர் 17 குறைமாதக் குழந்தைகள் தினத்துக்கு ஊதா பலூன் கட்டினோம். ஓய்வு பெற்ற இருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

இனி நோட்டு விஷயம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை வார்டிலிருந்து இந்த ஆண்டு ஐந்து பேர் இடமாற்றம் கேட்டார்கள். ஒருவர் வேலையையே விட்டார். "பொம்பளைங்கன்னா ஏதாவது குடும்பப் பிரச்சினை இருக்கும்" என்று மேலே முடித்துவிட்டார்கள். என் காசில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி உடைமாற்றும் அறையில் வைத்தேன். பெயர் வேண்டாம், போகத் தோன்றும் காரணத்தை மட்டும் எழுதுங்கள் என்றேன். (சிலர் இதைச் 'செயலாளர் டைரி' என்று கேலி செய்ததும் காதில் விழுந்தது.)

குடும்பப் பிரச்சினை அதில் இரண்டே வரி. மூன்று, நான்கு குழந்தைக்கு ஒரு சிஸ்டர் என்பது நெறிமுறை. நைட்டில் ஒருத்தி எட்டு, ஒன்பது பார்க்கிறாள். ஒரு பக்கத்தை வாசிக்கிறேன்: "மணி மூணு. 900 கிராம் குழந்தைக்கு மருந்து ஏத்தக் கேனுலா போடுறேன், நரம்பு நூல் மாதிரி. பின்னாடி ரெண்டு மானிட்டர் கத்துது. காலையில ரவுண்ட்ஸ்ல கேட்டது, மூணு மணிக்குப் பால் கொடுத்ததுக்கு சார்ட்ல ஏன் டிக் இல்லைன்னு." இன்னொருத்தி: "குழந்தை போனதை டாக்டர் அப்பாகிட்ட சொல்லிட்டார். அம்மாவுக்குத் தெரியாது. பிழிஞ்ச பாலோட வாசல்ல நின்னாங்க. வாங்குறதா, வேணாமா?"

2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி மட்டும் ஆறு பக்கம். இளையவர்கள் எழுதவேயில்லை, ஓ.இ.டி. (வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு) கோச்சிங் போய்விட்டார்கள்.

நோட்டை வைத்து மனு தயாரித்தேன். கொடுக்க வருவதாகக் கை தூக்கியவர்கள் இருபத்திரண்டு பேர். வந்தவர்கள் நான்கு, அதில் ஒருவர் ஓய்வு பெற்றவர். மனு பரிசீலனையில் இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் விவரமாகச் சொல்வார். நஷ்டம் இல்லை, கையிருப்பு என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. மாதச் சந்தா ஐம்பது ரூபாய், இரண்டு டீ இரண்டு வடைக் காசுதான். பாதிப் பேர் பாக்கி. கோரிக்கை என்று வரும்போது மட்டும் "சங்கம் என்ன பண்ணுது?" என்கிறார்கள்.

தலைவர், பொருளாளர், மைக் செட் கொடுத்தவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்று தெரியவில்லை. என் இடமாற்ற விண்ணப்பமும் எழுதி முடித்துப் பையில் கிடக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த மனுவுக்குப் பத்துப் பேர் வந்தால் அதைக் கொடுக்காமலே இருப்பதைப் பற்றி யோசிக்கலாம். சந்தா பாக்கிப் பட்டியல் உடைமாற்றும் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. கிழித்தால் மறுபடி ஒட்டுவேன்.

செயலாளர்